கையாட்டாத டைரக்டரும் கள்ளப் பிசின் மரமும்

எங்கள் தீவில் ஒரு மரத்துக்குப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று அரசாங்கம் தீர்மானித்தபோது, அந்தப் பொறுப்பில் என்னையும் சேர்த்தார்கள். என் பெயர் ஸ்டெட்சன் பார்கோ. பதவி, தூரிகை அலுவலர், தற்காலிகம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே தற்காலிகம்தான். என்னோடு தற்காலிகமாகச் சேர்ந்த நாற்காலிக்கு இரண்டு கால் போய்விட்டது. நான் இன்னும் நிற்கிறேன்.

மரத்தின் பெயர் கள்ளப் பிசின் மரம். செயின்ட் ஹெலினாவில் பிசின் மரம் என்று ஒரு கௌரவமான மரம் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று நடுவது அதைத்தான். அதன் ஒன்றுவிட்ட தம்பி இது. இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, மரத்தின் தாயாரைப் பற்றி அவருக்கு ஏதோ சந்தேகம் இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் ஃபாதர் டேல் அந்தப் பெயரை உச்சரிக்க மாட்டார். "அந்த இன்னொரு பிசின் மரம்" என்பார். ஆண்டவருக்குப் புரிந்துவிடும்.

இரண்டுமே சாமந்திக் குடும்பம். மற்ற தேசங்களில் சாமந்தி கணுக்கால் உயரம் வளர்ந்து அத்தோடு அடங்கிவிடும். எங்கள் தீவுக்குப் பெரிய மரங்கள் கடல் தாண்டி வந்து சேரவில்லை. இடம் காலியாகக் கிடந்ததால் சாமந்தியே மரமாகிவிட்டது. "உங்க செயலகத்துலயும் பதவியெல்லாம் அப்படித்தான் வளர்ந்துச்சு" என்பாள் என் மனைவி வெர்னா. நான் மறுத்துப் பேசியதில்லை. தூரிகை அலுவலர் என்பதும் அப்படி வளர்ந்ததுதான்.

காட்டில் மிச்சமிருந்த கள்ளப் பிசின் ஒன்றே ஒன்று. மேற்கே ப்ளூ ஹில் பக்கம், சாலைக்குக் கீழே ஒரு பாறை விளிம்பில், கடலைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. அடிமரம் பிளந்திருந்தது. கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தோம். இந்த மரத்துக்குத் தன் மகரந்தம் தனக்கே ஆகாது. இன்னொரு கள்ளப் பிசினின் மகரந்தம் வேண்டும். சாதாரணப் பிசினின் மகரந்தம் பட்டுவிட்டால் பிறப்பது கலப்பு. அதனால் மரத்தைச் சுற்றி வலைக்கூண்டு.

நல்லவேளையாக, தீவின் கிழக்கு மூலையில், லாங்வுட்டில் இருக்கும் எங்கள் நாற்றுப் பண்ணையில் இன்னொரு மரம் இருந்தது. எப்போதோ செத்துப்போன வேறொரு மரத்தின் பிள்ளை. அந்த வருடம்தான் முதல் தடவையாகப் பூத்தது. இரண்டே பூ. ஒன்று மலர்ந்துவிட்டது, மற்றது மொட்டு.

ஆகவே வேலை இதுதான். லாங்வுட் பூவின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டெடுத்து, தீவின் குறுக்கே வண்டியில் கொண்டுபோய், ப்ளூ ஹில் மரத்தின் பூக்களில் தடவ வேண்டும். அடுத்த வருடக் காற்றுக்குக் கிழமரம் நிற்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விதை பிடித்தால் இந்த வருடம். இல்லையென்றால் அந்தப் பிளந்த அடிமரத்தோடு முடிந்தது.

வெர்னாவுக்கும் எனக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை என்றோ விட்டுவிட்டோம். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் செய்யும்போது, மீனுக்கும் ரொட்டிக்கும் நன்றி சொன்ன பிறகு, "அந்த மரத்தையும் கொஞ்சம் நெனச்சுக்குங்க ஆண்டவரே" என்று வெர்னா சேர்த்துக்கொள்வாள். எனக்கு ஆமென் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

*

அரிய தாவரங்கள் மீட்புச் செயலகத்துக்கு டைரக்டர், டாக்டர் ஜூலியன் பெம்பர்ட்டன். இங்கிலாந்திலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவர். நல்ல மனிதர். கெட்டவராக இருப்பதற்கு அவருக்கு நேரமில்லை, அவ்வளவு கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்.

"இந்த மரத்தின் முதல் எதிரி மனிதன். இதைக் காப்பாற்ற ஒரே வழி, யாரும் இதன் பக்கத்தில் போகாமல் இருப்பது."

எங்கள் வண்டி ஓட்டுநர் சிரில் ஹெர்குலிஸ் கை தூக்கினான். தீவில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவனுக்குப் பூசணி.

"யாருமே போகலைன்னா நாம எதுக்கு சார் சம்பளம் வாங்குறோம்?"

"போகாமல் இருப்பதை ஒழுங்குபடுத்துவதற்கு" என்றார் டைரக்டர்.

நான் அதைக் குறித்துக்கொண்டேன். அவர் பேசும்போது குறித்துக்கொள்கிற ஒரே ஆள் நான்தான் என்பதால் எனக்குச் செயலகத்தில் நல்ல பெயர்.

அவர் கொண்டுவந்த முதல் விதி, பிசின் மரத்தைத் தொட்ட யாரும் கள்ளப் பிசினைத் தொடக்கூடாது என்பது. கையில் ஒட்டிய மகரந்தம் கலப்பை உண்டாக்கிவிடுமாம். தீவு முழுக்க விசாரித்துப் பார்த்தோம். பிசின் மரம் நடாத பள்ளிப் பிள்ளை இல்லை, தொடாத கை இல்லை. ஃபாதர் டேல்கூடப் போன மாதம் ஒன்று நட்டிருந்தார். விதிப்படி தீவில் சுத்தமான ஆள் ஒருவரும் இல்லை என்று முடிவானது. எங்கள் சபையில் வாராவாரம் சொல்வதும் அதுதான் என்பதால் யாரும் அதிர்ச்சி அடையவில்லை.

பிறகு மூன்று தொட்டி முறை வந்தது. முதல் தொட்டியில் கை, இரண்டாவதில் முழங்கை, மூன்றாவதில் மறுபடியும் கை. "மூணாவது எதுக்கு சார்?" என்று பூசணி கேட்டான். "இரண்டாவதில் முழங்கையிலிருந்து கைக்கு வந்திருக்குமே, அதற்கு" என்றார். யோசித்துப் பார்த்தால் நான்காவது ஒன்றும் வேண்டும். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் நான்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

மகரந்தத்தைக் கொண்டுபோக ஒரு தனிப் பெட்டி இங்கிலாந்தில் செய்யச் சொல்லியிருந்தார். எங்கள் தீவுக்கு வாரம் ஒரு விமானம், அதுவும் காற்று சம்மதித்தால். பெட்டி இரண்டு தடவை எங்கள் தீவை மேலிருந்து பார்த்தது. இறங்காமல் ஜோகன்னஸ்பர்க்குக்கே திரும்பிப் போய்விட்டது. அது வரும்வரை இடைக்கால ஏற்பாடாக, தூரிகை அலுவலர் தூரிகையை நேராகக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார வேண்டும்.

வெர்னா ராத்திரி கேட்டாள். "ஒரு தீப்பெட்டில வெச்சு எடுத்துட்டுப் போனா என்னங்க?"

எனக்கு இது தோன்றவே இல்லை. மறுநாள் என் சொந்த யோசனை போல டைரக்டரிடம் சொன்னேன்.

"தீப்பெட்டி அங்கீகரிக்கப்பட்ட கலன் அல்ல, பார்கோ. அதில் தீக்குச்சி இருக்கும்."

"குச்சியக் கொட்டிட்டா சார்?"

"அப்போது அது தீப்பெட்டியே அல்ல. அங்கீகரிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?"

அன்று சாயங்காலம் இதை வெர்னாவிடம் சொன்னேன். அவள் தீப்பெட்டியை எடுத்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

*

மகரந்தம் கொண்டுபோகிற நாள் நன்றாக விடிந்தது. மூன்று தொட்டியிலும் கழுவினேன். பூவைத் தூரிகையால் மெதுவாகத் தடவினேன். நுனி முழுக்க மஞ்சள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வலது கையில் தூரிகையை மெழுகுவர்த்தி போலப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். எங்கள் வண்டியின் இடது பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது, ஏறாது. அதற்கான உதிரிப் பாகமும் அந்தப் பெட்டி வரும் விமானத்தில்தான் வரவேண்டும். டைரக்டர் முன்னாலேயே ப்ளூ ஹில்லுக்குப் போய், கை கழுவிக்கொண்டு மரத்தடியில் காத்திருந்தார்.

எங்கள் தீவில் எதிரே வருகிற வண்டிக்குக் கையாட்டாதவன் ஒன்று கோபத்தில் இருக்கிறான், இல்லை செத்துப்போயிருக்கிறான். சவ ஊர்வலத்தில் போகிறவனுக்கும் ஒரு தடவை கையாட்டித்தான் அனுப்புவோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வண்டி வரும், கை போகும். அவ்வளவுதான்.

பண்ணை வாசலிலேயே ரொட்டிக்காரர் எதிரே வந்தார். ஹட்ஸ் கேட் வளைவில் பள்ளிக்கூடப் பேருந்து. மேட்டில் ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபோது, உள்ளே வெர்னாவின் அண்ணன் குடும்பம் முழுக்க. அவர் என்னோடு ஒரு கோழி விஷயமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். ஆனாலும் கையாட்டினார். பேச்சு வேறு, கையாட்டு வேறு. இப்படியே பேராலயம் தாண்டி, மூடுபனி தாண்டி, ப்ளூ ஹில் போய்ச் சேர்ந்தோம்.

பாறை விளிம்பில் இறங்கி, தூரிகையை டைரக்டரிடம் நீட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"பார்கோ, இதில் மகரந்தம் எங்கே?"

நானும் பார்த்தேன். தூரிகை, கடையில் வாங்கி வந்த அன்று போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

பூசணிதான் முதலில் புரிந்துகொண்டான். "அண்ணே... நீ எந்தக் கையால ஆட்டுன?"

நான் என் வலது கையைப் பார்த்தேன். லாங்வுட்டிலிருந்து ப்ளூ ஹில் வரைக்கும், காட்டின் கடைசி மரத்துக்குச் சேரவேண்டிய சொத்தை, சொந்தக்காரர்களுக்கும் ரொட்டிக்காரருக்கும் பள்ளிக்கூடப் பேருந்துக்கும் நான் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டிருந்தேன்.

கிழமரம் காற்றில் கிரீச்சென்றது. அதன் பூக்கள் எல்லாம் வலைக்குள்ளே திறந்து காத்திருந்தன. எனக்குத் தலை நிமிரவில்லை.

ராத்திரி ஜெபத்தில் வெர்னா மரத்தை விட்டுவிடவில்லை. ஆனால் கூடவே, "இந்த மனுஷனோட கையையும்" என்றாள்.

*

விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. தலைவர் டைரக்டர். உறுப்பினரும் டைரக்டர். மற்றவர்கள் எல்லோரும் சம்பவத்தின்போது கையாட்டியவர்கள், அதனால் சாட்சிகள்.

"மொத்தம் எத்தனை முறை கையாட்டினீர்?"

"எண்ணலை சார். எண்ணிக்கிட்டே ஆட்டுனா அது கையாட்டறது இல்ல, வேற ஏதோ."

"இடது கையை ஏன் பயன்படுத்தவில்லை?"

"இடது கையால ஆட்டுனா அவங்க வீட்டுல ஏதோ துக்கம்னு நெனச்சுக்கிட்டு வந்துருவாங்க சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்று பேசினார். அந்தப் பேச்சையும் குறித்து வைத்திருக்கிறேன். "நான் இந்தத் தீவுக்கு வந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிறது. தினமும் காலையிலும் மாலையிலும் இதே சாலையில் போகிறேன். இதுவரை ஒரு முறைகூட யாருக்கும் கையாட்டியதில்லை. அதனால் எனக்கு எந்த இழப்பும் ஏற்பட்டதில்லை. யாராவது எனக்குக் கையாட்டினார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. கவனம் என்பது அதுதான்."

அறையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஏனென்றால் நாங்கள் எல்லோரும் அவருக்குத் தினமும் கையாட்டிக்கொண்டிருந்தோம். தீவு அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் கம்பம். என்றாலும் கம்பத்தின் வண்டி போகும்போது கை தானாகவே எழும். வெர்னா வாசலில் துணி உலர்த்துகிறபோது துணியை இடுக்கிக்கொண்டாவது ஆட்டுவாள். "அவர்தான் பாக்குறதே இல்லையே, எதுக்குடி?" என்று ஒருநாள் கேட்டேன். "என்னைக்காவது பாப்பார்ல" என்றாள்.

மிச்சமிருந்த அந்த ஒரு மொட்டு விரிவதற்குள் கையாட்டுக் கட்டுப்பாட்டுப் பயிற்சி தொடங்கியது. நான் ஒரு நாற்காலியில் தூரிகையோடு உட்கார வேண்டும். பூசணி எதிரே நடந்து வந்து கையாட்டுவான். நான் ஆட்டக்கூடாது. முதல் சுற்றில் ஆட்டிவிட்டேன். இரண்டாவது சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூசணியின் முகம் வாடிவிட்டது.

"என்னண்ணே, மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கு."

"பயிற்சிதானடா."

"பயிற்சின்னாலும் கண்ணுன்னு ஒண்ணு பாக்குதுல்ல."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஆட்டிவிட்டேன். டைரக்டர் குறிப்பில் எழுதினார்: பயிற்சியாளரின் உணர்ச்சிகள் பயிற்சிக்கு இடையூறு.

அடுத்த நாள் என் கையைத் தொடையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிப் பார்த்தார்கள். கை அசையவில்லை. ஆனால் வண்டியிலிருந்து இறங்கவும் முடியவில்லை. பூசணி என்னை மாவு மூட்டை மாதிரித் தூக்கிப் பாறை விளிம்பில் கொண்டுபோய் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுத்துவிட்டான்.

கடைசியில் கமிஷன் ஒரு முடிவுக்கு வந்தது. கையாட்டாமல் தீவைக் கடக்கும் தகுதி இந்தத் தீவில் ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது. தூரிகையை டைரக்டரே பிடித்துக்கொள்வார். நான் நடுவில் உட்கார வேண்டும், எந்த வேலையும் இல்லாமல். பாதியில் நின்ற கண்ணாடிக்கு மேலே அட்டை வைத்து அடைக்க வேண்டும். கூடுதல் பாதுகாப்பாக, முதல்நாள் சாயங்காலம் வானொலியில் அறிவிப்பு:

"அரிய தாவரங்கள் மீட்புச் செயலகத்தின் வண்டி நாளைக் காலை லாங்வுட்டிலிருந்து ப்ளூ ஹில்லுக்குச் செல்லும். அதைக் கண்ணுறும் பொதுமக்கள் எவ்வகையிலும் கையாட்டாமல் ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

அதற்குப் பின்னால் மீன் விலை சொன்னார்கள். எங்கள் வீட்டில் யாரும் மீன் விலையைக் கேட்கவில்லை.

"கையாட்டக் கூடாதா?" என்றாள் வெர்னா. "அப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். வீட்டுக்குள்ளயே இரு."

"உள்ள இருந்துக்கிட்டு ஆட்டாம இருந்தா அது யாருக்குத் தெரியும்? நாம வேணும்னு வெளிய வராம இருக்கோம்னு நெனச்சுக்க மாட்டாங்களா? நேர்ல போய் நின்னு ஆட்டாம இருக்கறதுதான் மரியாதை."

தீவு முழுக்க அன்று ராத்திரி இதே முடிவுக்குத்தான் வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

*

காலையில் இரண்டாவது பூ விரிந்திருந்தது. டைரக்டர் தானே தூரிகையால் எடுத்தார். "இதுதான் கடைசி, இல்லையா பார்கோ?" என்றார். அவர் என்னிடம் அதிகாரமில்லாமல் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆமா சார்."

பூசணி ஓட்டினான். நான் நடுவில். இடது ஓரத்தில் டைரக்டர், தூரிகையை மார்புக்கு நேரே பிடித்தபடி. அட்டை அடைத்திருந்ததால் பக்கவாட்டில் எதுவும் தெரியவில்லை. முன் கண்ணாடி வழியாகத்தான் சாலை.

பண்ணை வாசலில் ரொட்டிக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். தலையை மட்டும் மெதுவாகக் குனிந்தார்.

கொஞ்ச தூரத்தில் இரண்டு அக்கா தங்கைகள், ஒருத்தி கையை ஒருத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மீனவர் ஒரு பெரிய சூரை மீனை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார், கை காலியாக இருந்தால் நம்ப முடியாது என்று. ஒருவருடைய கைகளை அவர் மனைவி தன் ஏப்ரன் நாடாவால் கட்டியிருந்தாள். ஹட்ஸ் கேட்டில் பள்ளிக்கூடமே சாலையோரம் வந்திருந்தது. பிள்ளைகள் எல்லோரும் தங்கள் கைமேல் தாங்களே உட்கார்ந்திருந்தார்கள். வெர்னாவின் அண்ணன் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, கோழி விஷயத்தை மறந்து, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

வழி நெடுக இப்படி. ஒரு கை எழவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து, எனக்கு வேலையில்லாத வலது கையின்மேல் இடது கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

டைரக்டர் முதலில் நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு முன்னால் குனிந்து சாலையின் இரண்டு ஓரத்தையும் பார்க்க ஆரம்பித்தார்.

"இவர்கள் ஏன் இப்படி நிற்கிறார்கள்?"

"கையாட்டாம நிக்கிறாங்க சார்."

"எல்லோருமா?"

"நீங்கதான சார் ரேடியோல சொன்னீங்க."

இன்னொரு வளைவு. இன்னொரு வீடு. வாசலில் ஒரு பெரியவர், ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"பார்கோ, தினமும்... மற்ற நாட்களில்... இவர்கள் எனக்கு ஆட்டுவார்களா?"

பூசணி தொண்டையைச் செருமினான். நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

"தினமும் சார். ரெண்டு வேளையும்."

"இந்தப் பெரியவருமா?"

"அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது சார். உங்க வண்டி சத்தத்தை வெச்சு ஆட்டுவார்."

டைரக்டர் மறுபடியும் நேராகப் பார்த்தார். அவர் காது சிவந்திருந்தது. இரண்டு வருடமாகக் கண்ணில் படாத ஒன்று, இல்லாமல் போன அன்றைக்குப் பட்டுவிட்டது. அதற்கு என்ன செய்வது என்று அவருடைய எந்த விதியிலும் இல்லை.

பேராலயத்துக்கு முன்னால் சபையே நின்றது. ஃபாதர் டேல் கைகூப்பியிருந்தார். அது விதிக்கு உட்பட்டதுதான். அவருக்குப் பக்கத்தில் வெர்னா. துணி உலர்த்துகிற கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வண்டிக்குள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. தூரிகையைத்தான் பார்த்தாள்.

"பார்கோ" என்றார் டைரக்டர். குரல் அவருடையது மாதிரி இல்லை. "இதைப் பிடி."

"சார், நான் பிடிக்கக் கூடாது. கமிஷன்..."

"பிடிய்யா!"

தூரிகை என் கைக்கு வந்தது. அவர் அட்டையைப் பிய்த்து எறிந்தார். பாதிக் கண்ணாடிக்கு மேலே தலையையும் தோளையும் வெளியே விட்டு, இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார். பழக்கமில்லாத ஆட்டு. கப்பல் கவிழ்ந்தவன் கரையைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி இருந்தது.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு குழந்தையின் கை எழுந்தது. அப்புறம் எல்லாக் கையும். ஊன்றுகோல், தொப்பி, ஜெபப் புத்தகம், துணிக்கூடை எல்லாம் மேலே போயின. தீவு அத்தனை நேரம் அடக்கிவைத்த கை அது.

அத்தனையும் எங்கள் வண்டியைப் பார்த்து. உள்ளே நான். வலது கையில் தூரிகை. அட்டை இருந்த இடம் வழியே காற்று புகுந்து வருகிறது.

என் கை எழுந்தது. பொய் சொல்ல மாட்டேன், எழுந்துவிட்டது. அது ஆடுவதற்குள் மடியில் இருந்த தொப்பியைக் கவிழ்த்து, தூரிகையை அதற்குள்ளே வைத்து, தொப்பியை மார்போடு அணைத்துக் குனிந்துகொண்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பார்க்காதவன் ஆட்டத் தேவையில்லை. வெளியே வெர்னாவின் குரல் கேட்டது, "ஏங்க, இங்க!" என்று. நான் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் கையாட்டாமல் நான் கடந்துபோனது அன்றைக்குத்தான்.

ப்ளூ ஹில்லில் கண்ணைத் திறந்து தொப்பிக்குள் பார்த்தேன். நுனி மஞ்சளாகவே இருந்தது.

அங்கேயும் மூன்று தொட்டி வைத்திருந்தோம். டைரக்டர் அவற்றைத் தாண்டி நேராகப் பாறையில் இறங்கினார். "சார், கை கழுவல..." என்றேன். "வா, காத்து ஏறுது" என்றார். வலைக்கூண்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் ஒவ்வொரு பூவாகத் தடவினேன். மரத்தின் பிளந்த அடியில் பூசணி முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான், அதற்கு அது எந்த விதத்தில் உதவியதோ தெரியாது. எனக்கு உதவியது. கடைசிப் பூவைத் தொட்டபோது ஒரு சின்ன ஜெபம் சொன்னேன். ஆமென் தாமதமாகவில்லை.

வீட்டுக்குப் போனதும் வெர்னா கேட்டாள், "என்னைப் பாக்காமயே போயிட்டீங்களே?"

தொப்பியைக் காட்டினேன். உள்பக்கத் துணியில் மஞ்சளாகக் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தது. அவள் அதைத் துவைக்கவே இல்லை.

*

விதைகளில் பெரும்பாலானவை உள்ளே வெறும் சக்கை. நல்லதாகத் தெரிந்தவற்றை விதைத்தோம். கிழமரம் குளிர்காலக் காற்றில் ஒருநாள் சாய்ந்து, கடலுக்குள்ளே போய்விட்டது. மறுநாள் ஃபாதர் டேல் ஆராதனையில் முதல் தடவையாக அதன் பெயரை முழுதாக, கள்ளப் பிசின் என்றே சொன்னார். சபையில் யாரும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு விதை முளைத்தது. ஒன்றே ஒன்று.

செயலகத்தின் ஆண்டறிக்கை, கையாட்டுக் கட்டுப்பாட்டு முறையின் மகத்தான வெற்றி என்று அதைக் குறிப்பிட்டது. அறிக்கையை எழுதிய தலைமையகத்துக்காரர் தீவைப் பார்த்ததில்லை. பண்ணை வாசலில், 'இவ்விடம் கையாட்டுதல் தடைசெய்யப்பட்டது' என்று ஒரு பலகை வந்து இறங்கியது. அதே விமானத்தில் பெட்டியும் வந்தது. தூக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே வெல்வெட். தூரிகைக்கு மட்டும் இடமில்லை, அளவு தவறிவிட்டதாம். பூசணி அதில் மதியச் சாப்பாடு வைக்கிறான். மீன் கட்லெட் சாயங்காலம் வரை சூடாக இருக்கிறது.

டைரக்டரின் ஒப்பந்தம் முடிந்தது. கிளம்புகிற அன்று காலை விமானத்துக்கு முன் பண்ணைக்கு வந்தார். வழியெல்லாம் ஆட்டிக்கொண்டு வந்ததில் தோள் வலிக்கிறது என்றார். நான் நிழல்வலையைத் தூக்கிக் காட்டினேன். தொட்டியில் விரற்கடை உயரத்துக்குக் கள்ளப் பிசின், ஒரு ஜோடி இலையோடு.

குனிந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கையை மெதுவாக உயர்த்தி அதற்கு ஆட்டினார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்:

"அது திருப்பி ஆட்டலையே, பார்கோ."

"ரெண்டு வருஷமாவது ஆகும் சார்" என்றேன். "அதுவரைக்கும் நாங்க ஆட்டிக்கிட்டே இருப்போம்."